காட்டுக்குப் பதில் காடா? சிலாங்கூர் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்கள் 56 பேருக்கும் வணக்கம்.

நான் கோல லங்காட் மாவட்டத்துப் பந்திங்கில் குடியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் வெளிக்காட்டுக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். விடியற்காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிடுவது, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பது, பொழுது சாயும்போது எத்தனை செம்பனைக் குலை, எத்தனை டன், எத்தனை ஹெக்டரில் மருந்தடிப்பு முடிந்தது என்று புத்தகத்தில் எழுதுவது, இதுதான் என் வேலை. நிலத்தை ஹெக்டரில் பார்த்தே பழகிய கண் என்னுடையது. அந்தக் கண்ணால் காட்டைப் பார்த்தால் எதுவெல்லாம் தவறிப்போகும் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் கதை உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அந்த நேரத்தில் அவையில் இருந்தவர்கள். ஆனாலும் எங்கள் ஊரில் அது எப்படி நினைவில் இருக்கிறது என்று சொல்கிறேன். 1927இல் அரசிதழில் ஏறியபோது அந்தக் காப்பகம் 7,246 ஹெக்டர். அப்புறம் ஒவ்வொரு தேவைக்காக ஒவ்வொரு துண்டாகக் காப்பக நிலையிலிருந்து விடுவித்து, 2020இல் மிஞ்சியது சுமார் 958 ஹெக்டர். அந்த மிச்சத்திலும் 931 ஹெக்டரை எடுத்துவிடப் போவதாக அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். நானும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நவம்பரில் உங்கள் அவையே அந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சரி, இனி பயமில்லை என்று நினைத்தோம். 2021 மே மாதத்திலேயே 536 ஹெக்டர் விடுவிக்கப்பட்டுவிட்டது என்பது ஆகஸ்ட் கடைசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாடு முழுவதும் எழுந்த குரலுக்குப் பிறகு, செப்டம்பர் 8ஆம் தேதி மாநில முதல்வரான மந்திரி புசார் அந்த முடிவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த அறிவிப்புக்கு நான் இன்றும் நன்றி உள்ளவன். முடிவை மாற்றிக்கொள்வது அரசாங்கத்துக்கு எளிதல்ல.

ஆனால் அந்த நான்கு மாதத்தில் ஒரு சொல் என் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. 'மாற்று நிலம்.' இங்கே எடுக்கும் காட்டுக்குப் பதிலாக மாநிலத்தின் வேறு இடங்களில் நிலம் காப்பகமாக அறிவிக்கப்படும், மொத்தப் பரப்பளவு குறையாது என்று சொன்னார்கள். சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தில், ஒரு நிலத்தை விடுவித்தால் ஏறக்குறைய அதே பரப்புள்ள இன்னொரு நிலத்தைச் சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. 2022இல் நாடாளுமன்றம் அதை இன்னும் இறுக்கி, விடுவிப்பதற்கு முன் பொது விசாரணையும் உடனுக்குடன் மாற்று நிலமும் கட்டாயம் என்று திருத்தியது. சிலாங்கூர் 2011லேயே பொது விசாரணையைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்ட மாநிலம். இதெல்லாம் நல்லதுதான். குறை சொல்ல நான் வரவில்லை. 'ஏறக்குறைய அதே பரப்பு' என்ற அந்த அளவுகோலைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கிராணி வேலை பார்த்தவனுக்கு இது கைவந்த பழக்கம்.

900 ஹெக்டர் காடு ஒன்று சதுரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 3 கிலோமீட்டர், சுற்றளவு 12 கிலோமீட்டர். இதே 900 ஹெக்டரை ஒன்பது இடத்தில் நூறு நூறாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் சதுரம், எல்லாவற்றின் சுற்றளவையும் கூட்டினால் 36 கிலோமீட்டர். காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் நேராக அடிக்கும், பெரிய மரம் காய்ந்து சாயும், கொடி மூடும், வேட்டைக்காரன் எளிதாக நுழைவான், வீட்டு நாயும் பூனையும் உள்ளே போகும். இப்படிக் கெட்டுப்போகும் ஓரம் உள்நோக்கி 200 மீட்டர் போகிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால், ஒரே சதுரமாக இருந்த காட்டில் கெடாத நடுப்பகுதி 676 ஹெக்டர் மிஞ்சும். ஒன்பது துண்டில் மொத்தமாக 324 ஹெக்டர்தான் மிஞ்சும். கோப்பில் இரண்டுமே 900தான். உள்ளே வாழ்கிற உயிருக்குத் துண்டுகளில் கிடைப்பது பாதிக்கும் குறைவு.

நம் மாநிலத்தில் இதை நேரில் பார்க்க வேண்டுமானால் பூச்சோங் ஆயர் ஈத்தாம் காட்டுக்குப் போகலாம். 1906இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது 4,000 ஹெக்டருக்கும் மேல் இருந்தது. இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, சுற்றிலும் தாமான் எனும் வீட்டுக் குடியிருப்பும் நெடுஞ்சாலையும். பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வுக்காக அதை அக்கறையோடு பார்த்துக்கொள்கிறது. இருந்தாலும் அது கடல் நடுவே தீவு போலத்தான் நிற்கிறது. அங்கே பிறக்கும் குட்டி வளர்ந்து வேறு துணை தேடிப் போக வழி இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இனம் பெருகினால் என்ன ஆகும் என்று ஆடு மாடு வளர்த்த எவருக்கும் தெரியும். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், காட்டைத் துண்டாக்கிய மறுநாளே எதுவும் சாவதில்லை. குரங்கு கத்தும், இருவாச்சி பறக்கும், பார்க்கிறவர்கள் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பார்கள். இருபது முப்பது ஆண்டு கழித்து ஒருநாள் சத்தம் நின்றுபோயிருக்கும். அன்று யாரைக் கேட்பது?

எங்கள் கோல லங்காட்டுக் காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யாரும் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்தப் பக்கத்து மண்ணில் பெரும்பகுதி 'தானா கம்புட்' என்று மலாயில் சொல்லும் கரிமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் தண்ணீரில் ஊறி, மக்காமல் படிந்து உண்டானது. அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். கரிமண்ணில் செம்பனை நட வேண்டுமானால் முதலில் பாரிட் என்னும் வடிகால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். நீர் வடிந்ததும் மண் சுருங்கி இறங்கும். நட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டில் மரங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், வேர் வெளியே தெரியும். குலை வெட்டுகிறவர்கள் அந்தச் சாய்ந்த மரத்தின் கீழே நின்று பயந்து பயந்து வெட்டுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். காய்ந்த கரிமண்ணில் தீப்பிடித்தால் அது மண்ணுக்கு அடியிலேயே புகைந்துகொண்டு போகும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணையாது. பக்கத்துக் கரிமண் பகுதியான ஜொகான் செத்தியா எரியும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் முகக்கவசம் போட்டுப் பள்ளிக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 958 ஹெக்டரில் 536ஐ எடுத்து, அதில் வீடும் கடையும் கட்டுவதற்காகப் பாரிட் வெட்டினால், மிச்சம் இருக்கும் 422 ஹெக்டரின் தண்ணீர் எல்லைக் கல்லைப் பார்த்து நின்றுவிடுமா? அதுவும் சேர்ந்து வடியும். வரைபடத்தில் 'காப்பகம்' என்று பச்சை நிறம் இருக்கும், மண் காய்ந்துகொண்டே போகும். அந்தக் கறுப்புத் தண்ணீரில் மட்டுமே வாழும் சின்னச் சிவப்புச் சண்டைமீன் ஒன்று உண்டு, சிலாங்கூரின் சதுப்புக் காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதற்கு மேட்டு நிலத்தில் மாற்றுக் காடு கொடுத்து என்ன பயன்? சூரியக் கரடி நடமாடும் காடு இது. ஓரத்தில் தெமுவான் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். சம்பள நாளில் அவர்கள் கொண்டுவரும் பெத்தாய்க்காகவும் தேனுக்காகவும் எங்கள் அம்மா காசை முடிந்து வைத்திருப்பார். அவர்களுக்கு எந்த மாவட்டத்தில் மாற்று வைப்பது?

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது.

தோட்டத்து லயத்துக்குப் பின்னால், பழைய பால்மரக் (ரப்பர்) காட்டுக்கும் பெரிய காட்டுக்கும் நடுவே, முன்பு ஒரு நீண்ட பட்டைக் காடு இருந்தது. லோத்தோங் குரங்குக் கூட்டம் ஒன்று அதன் வழியாகத்தான் போகும் வரும். கறுத்த உடம்பு, நீண்ட வால், யாரையும் சீண்டாது. தாய்க்கு வயிற்றோடு ஒட்டிய குட்டி மட்டும் செம்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அந்தப் பட்டைக் காடு ஒருநாள் வெட்டப்பட்டது. பெரிய இடம்கூட இல்லை, பதினைந்து இருபது ஏக்கர் இருக்கலாம். அதில் சாலையும் கடைவீடும் வந்தன. கூட்டம் இந்தப் பக்கம் சிக்கிக்கொண்டது.

லோத்தோங் தரையில் நடக்க விரும்பாது. மரம் இல்லாத இடத்தில் அதற்குக் கிடைத்தது மின்கம்பி. ஒரு மழை விட்ட காலையில் கம்பத்துக்குக் கீழே ஒரு தாய் கிடந்தது. குட்டி அதன் மார்பைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தது. மேலே கம்பிக்கு அந்தப் பக்கம் மற்றவை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குப் போன் செய்தோம், அவர்கள் வந்து குட்டியை எடுத்துப் போனார்கள். லயத்துப் பெண்கள் அந்தத் தாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைத்தார்கள். அடுத்த ஓர் ஆண்டுக்குள் இன்னும் மூன்று போயின. அப்புறம் அந்தக் கூட்டம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தோம், இல்லை.

அந்தப் பட்டைக் காடு யாருடைய கணக்கிலும் பெரிய காடாக வந்திருக்காது. இருபது ஏக்கர் என்றால் எட்டு ஹெக்டர். எட்டு ஹெக்டர் போனதற்காகப் பக்கத்தில் இருந்த பல நூறு ஹெக்டர் அந்தக் குரங்குகளுக்கு இல்லாமல் போனது. என் கிராணிப் புத்தகத்தில் இதை எழுத எந்தக் கட்டமும் கிடையாது. உங்கள் கோப்பிலும் இல்லை என்று நினைக்கிறேன்.

பெரிய விலங்குக்கும் இதே கதைதான். எங்கள் மாவட்டத்தில் இன்று யானை இல்லை. ஆனால் 2025 மே 11ஆம் தேதி, அன்னையர் தினத்தன்று, கெரிக் பக்கம் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் கோழி ஏற்றி வந்த லோரியில் அடிபட்டு ஒரு யானைக்குட்டி இறந்தபோது, தாய் யானை அந்த லோரியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு அங்கேயே நின்றதை நாம் எல்லாரும் கைப்பேசியில் பார்த்தோம். என் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே காட்டை அந்தச் சாலை இரண்டாக வகுந்துவிட்டது. கழுத்துப்பட்டை மாட்டி யானைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, அந்தச் சாலை யானைகள் கடந்து போவதைச் சுமார் 80 விழுக்காடு குறைத்துவிட்டது என்று கணக்கிட்டது. அங்கே விலங்குகள் அடியில் கடந்து போகப் பாலம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சாலையில் ஒரு பாலத்தை வைத்து அவை எப்படிச் சமாளிக்கும்?

இன்னோர் ஆய்வும் உண்டு. தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளைப் பத்தாண்டு அளவில் தொடர்ந்து பார்த்தார்கள். அவை பாதி நேரத்துக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே, அதன் ஓரங்களில் இருந்தன. புல்லும் மூங்கிலும் இளந்தளிரும் அங்கேதான் நிறைய. அதாவது யானைக்கு வேண்டியது மலை உச்சியில் இல்லை, அடிவாரத்திலும் சமவெளியிலும் இருக்கிறது. நமக்கும் வேண்டியது அதே இடம். வீடு கட்டவும் தோட்டம் போடவும் சமவெளிதான் வசதி. அதனால் காப்பகத்தில் கை வைக்கும்போதெல்லாம் வெட்டுப்படுவது ஓரமும் தாழ்நிலமும்தான். பதிலுக்கு வருவது யாருக்கும் வேண்டாத மேட்டு நிலமாக இருந்தால், பரப்பளவு சரியாக இருந்தும் விலங்குக்குக் கையில் கிடைத்தது ஒன்றுமில்லை.

காடுகளை இணைத்து வைக்க வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த விஷயமல்ல. தீபகற்பத்தின் முதுகெலும்பு போல நீளும் காடுகளைச் சேர்த்துவைக்க பல இணைப்பு வழிகளைக் குறித்து அரசாங்கமே திட்டம் போட்டிருக்கிறது. காட்டில் இன்று 150க்கும் குறைவான மலாயாப் புலிகள்தான் மிஞ்சியிருக்கின்றன என்பதும் அரசாங்கத்தின் கணக்கெடுப்பே. நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதனால்தான் பிரதமருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த மடலைப் படித்ததும் எங்கள் மக்களிலேயே சிலர் கேட்பார்கள், "நம் பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா? குரங்குக்காகப் பேசுகிறவர் மனுசனுக்காகப் பேசக் கூடாதா?" இந்தக் கேள்விக்கு நான் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்துவிட்டு, நிலம் கைமாறியதும் லயத்தைக் காலி செய்யச் சொன்ன நாளில், சாமான்களோடு சாலை ஓரம் நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று என் அண்ணன் குடும்பம். வீடு கேட்கும் அவர்கள் உரிமையில் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் உழைத்த தோட்ட நிலத்திலேயே எத்தனையோ தாமான்கள் எழுந்தன. அந்த வீடுகளின் விலை அவர்களுக்கு எட்டவில்லை. நிலம் இல்லாததால் அவர்கள் வீடில்லாமல் போகவில்லை. ஏற்கெனவே வெட்டிய நிலத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். காட்டை எடுத்துக் கொடுத்தால்தான் ஏழைக்கு வீடு என்று யார் சொன்னாலும் அதை நான் ஏற்க மாட்டேன்.

மாநிலத்துக்கு வருமானம் வேண்டும் என்பதும் புரிகிறது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019இல் 60 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கத் தொடங்கி, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 250 மில்லியனாக உயர்த்தியது. எல்லா மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ளும் தொகை அது, போதாது. இன்னும் கேளுங்கள். கேட்பதற்கு எங்கள் கையெழுத்து வேண்டுமானால் தருகிறோம்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். இனி எந்தக் காப்பகத்தில் எவ்வளவு சின்னத் துண்டை விடுவிக்கும் யோசனை வந்தாலும், எத்தனை ஹெக்டர் என்பதோடு நிற்காமல், அந்தத் துண்டு எதை எதோடு இணைத்துக்கொண்டிருக்கிறது என்பதை வரைபடத்தில் குறித்து அவையின் முன் வையுங்கள். மாற்று நிலம் என்றால் அதே காட்டை ஒட்டியதாக, அதே மண்ணும் அதே உயரமும் உள்ளதாக இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் எழுதுங்கள். அப்படி நிலம் கிடைக்கவில்லை என்றால் விடுவிக்கவே கூடாது. கரிமண் காட்டைச் சுற்றிப் பாரிட் வெட்ட ஒரு தூர எல்லை வையுங்கள், உள்ளே வெட்டியிருக்கும் பழைய பாரிட்களை அடைத்து நீரைத் தேக்குங்கள். ராஜா மூசா கரிமண் காட்டில் அப்படிச் செய்து பார்த்த அனுபவம் நம் மாநிலத்துக்கே இருக்கிறது. பொது விசாரணையை வேலை நாளில் ஷா ஆலமில் வைக்காதீர்கள். காடு இருக்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமையில், தெமுவான் மக்களும் தோட்டத்து மக்களும் வந்து அவரவர் மொழியில் பேசும்படி வையுங்கள்.

தோட்ட நிறுவனங்களிடமும் ஒன்று சொல்லுங்கள். ஆற்றோரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டிய பட்டை நிலத்தை உண்மையாகவே ஒதுக்கச் சொல்லுங்கள். நான் வேலையில் இருந்தபோது தண்ணீர் விளிம்பு வரைக்கும் மருந்தடிக்க நானே ஆள் அனுப்பியிருக்கிறேன். மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. புத்தகத்தில் எழுதியது என் கைதான். ஆற்றின் இரு கரையிலும் இருபது முப்பது மீட்டர் மரம் விட்டு வைத்தால், செம்பனைக்கு நடுவே ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக விலங்குக்கு அது ஒரு நடைபாதை. விளைச்சலில் பெரிய இழப்பும் இல்லை. குலைக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்து எல்லையில் ஒரு முனீஸ்வரன் கோயில் உண்டு. என் தாத்தா காலத்தில் அதற்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் தோட்டம். வெளிக்காட்டுக்குப் போகிறவர்கள் கற்பூரம் ஏற்றி, காட்டுக்குள் இருப்பதற்கும் நமக்கும் இடையில் நீ நில்லு சாமி என்று வேண்டிக்கொள்வார்கள். இன்று கோயிலைச் சுற்றிலும் தாமான் வீடுகள். அங்கிருந்து மிச்சக் காட்டுக்கு நான் வண்டியில்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் கோயில் ஆலமரத்தில் பழம் பழுக்கும் மாதத்தில் இன்னும் ஒரே ஒரு சோடி இருவாச்சி எங்கிருந்தோ வருகிறது. போன முறையும் வந்தது. வீடுகளுக்கு மேலே, கம்பிகளுக்கு மேலே, சாலைக்கு மேலே பறந்து வந்து தின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

உங்களில் யாராவது ஒருவர் வந்தாலும் போதும். பழம் பழுத்ததும் செய்தி அனுப்புகிறேன். காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் அவை நிற்காது. கோயில் வாசலில் தேநீர் வைத்திருப்போம். அங்கிருந்து அவை போகும் திசையிலேயே நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போய், காடு எங்கே எங்கே அறுந்திருக்கிறது என்று காட்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
பந்திங், கோல லங்காட்